மெய்ப்பெயர் தேடிய பயணம்: உர்சுலா லெ குவினின் வாழ்வும் எழுத்தும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓரவில் என்னும் ஊருக்கு அருகே, இறைச்சிக்கூடம் ஒன்றன் பக்கத்தில், பசியால் மெலிந்த மனிதர் ஒருவர் காணப்பட்டார். யாஹி என்னும் தொல்குடியின் கடைசி மனிதர் அவர். அவருடைய சுற்றத்தார் அனைவரும் வெள்ளையரின் துப்பாக்கிக்கும் நோய்க்கும் பசிக்கும் இரையாகி மறைந்திருந்தனர். அவரிடம் பெயர் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது அவர் குடியில் வழக்கமன்று. பிறர் ஒருவர் அதனைச் சொல்லி அறிமுகம் செய்தல் வேண்டும். அவ்வாறு சொல்வதற்கு அக்குடியில் எவரும் எஞ்சியிருக்கவில்லை.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அறிஞர் ஆல்ஃப்ரெட் க்ரோபர் அவருக்கு 'இஷி' என்று பெயரிட்டார். யானா மொழியில் அச்சொல்லுக்கு 'மனிதன்' என்பது பொருள். சான் பிரான்சிஸ்கோ நகரின் அருங்காட்சியகத்தில் வாழ்ந்து, 1916இல் காசநோயால் இஷி மறைந்தார். அவருடைய மெய்யான பெயர் அவரோடு மறைந்தது. இன்றுவரை அதனை அறிந்தவர் எவருமில்லை.

அந்த க்ரோபருக்கு 1929ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பெர்க்லி நகரில் ஒரு மகள் பிறந்தார். உர்சுலா என்று பெயரிட்டனர். அவர் வளர்ந்து ஒரு புனைவுலகைப் படைத்தார். அவ்வுலகில் ஒவ்வொரு மனிதருக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஊரார் அழைக்கும் வழங்குபெயர் ஒன்று. உயிருக்கு நிகராகக் காக்கப்படும் மெய்ப்பெயர் மற்றொன்று. ஒருவருடைய மெய்ப்பெயரை அறிந்தவரின் கையில் அவருடைய வாழ்வே அடங்கிவிடும். ஆகவே நம்பிக்கைக்கு உரியவரிடமன்றி எவரும் அதனைச் சொல்வதில்லை.

இஷியின் வாழ்வே இக்கற்பனைக்கு வித்து என்று அறுதியிட்டுக் கூறுவது பொருந்தாது. தந்தையார் வீட்டில் இஷியைப் பற்றிப் பேசியதில்லை என்பதை உர்சுலாவே எழுதியிருக்கிறார். ஆயினும் பெயரைச் சொல்லாத மனிதருக்குப் பெயரிட்டவர் தந்தை. பெயரின் பொருளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் மகள். இவ்விரு உண்மைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் தொடக்கம்.

வீடும் வளர்ப்பும்

உர்சுலாவின் தாயார் தியடோரா க்ரோபரும் எழுத்தாளரே. மக்களை வளர்த்து ஆளாக்கிய பின்னரே அவர் எழுதத் தொடங்கினார். இஷியின் வாழ்க்கையைக் கூறும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1961இல் வெளிவந்தது. மூன்று அண்ணன்மாருக்குத் தங்கையாக வளர்ந்த உர்சுலா, நூல்களும் உரையாடல்களும் நிறைந்த வீட்டில் சிறுமைப் பருவத்தைக் கழித்தார். கோடை விடுமுறைகளில் குடும்பம் நாப்பா பள்ளத்தாக்கில் இருந்த 'கிஷமிஷ்' என்னும் பண்ணை வீட்டிற்குச் செல்லும். அங்கே அறிஞர்கள் வருவர். ஹுவான் டோலோரெஸ், ராபர்ட் ஸ்பாட் ஆகிய தொல்குடி நண்பர்களும் வந்து தங்குவர். அவர்கள் ஆராய்ச்சிக்கு உதவியவர்கள் மட்டுமல்லர். குழந்தைகளுக்கு மாமன் முறையில் பழகியவர்கள். உலகில் ஒரே ஒரு வாழ்க்கைமுறைதான் உண்டு என்ற மயக்கம் அந்தச் சிறுமிக்கு ஏற்படாமற் போனதற்கு இச்சூழலே காரணம் எனலாம்.

11ஆம் வயதளவில் ஓர் அறிவியல் புனைகதை இதழுக்குத் தம் கதையொன்றை அவர் அனுப்பினார். கதை திரும்பி வந்தது. ராட்கிளிஃப் கல்லூரியில் 1951இல் இளங்கலைப் பட்டமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1952இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அவர் பயின்றது பிரெஞ்சு, இத்தாலிய மறுமலர்ச்சிக்கால இலக்கியம். 1953இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்றுப் பிரான்சுக்குக் கப்பலேறினார். 'குயின் மேரி' என்ற அக்கப்பலில் சார்லஸ் லெ குவின் என்னும் வரலாற்று மாணவரைச் சந்தித்தார். அவ்வாண்டு இறுதியிலேயே பாரிசில் திருமணம் நிகழ்ந்தது. ஆய்வுப் பட்டத்தை அவர் தொடரவில்லை. பின்னர் இருவரும் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லந்து நகரில் குடியமர்ந்தனர். கணவர் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. குழந்தைகள் உறங்கிய பின்னர் இரவு நேரங்களில் உர்சுலா எழுதினார்.

பத்தாண்டுக் காத்திருப்பு

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வவையில் ஒரு செய்தியைச் சற்று நிறுத்திச் சொல்லுதல் தகும். 1951 முதல் 1961 வரையிலான பத்தாண்டுகளில் உர்சுலா ஐந்து புதினங்களை எழுதினார். ஐந்தும் பதிப்பகங்களால் திருப்பி அனுப்பப்பட்டன. நடு ஐரோப்பாவில் 'ஓர்சீனியா' என்றொரு கற்பனை நாட்டை அமைத்துக்கொண்டு அவர் எழுதியவை, நடப்பியல் என்றும் சொல்ல இயலாமல், அதிகற்பனை என்றும் சொல்ல இயலாமல் நின்றன. எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத நூலைப் பதிப்பிக்க எவரும் முன்வரவில்லை.

அக்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது கவிதையே. அச்சேறிய அவருடைய முதற்படைப்பு, 1959இல் வெளிவந்த ஒரு கவிதை. பின்னர் 1961இல் ஓர்சீனியச் சிறுகதை ஒன்று சிற்றிதழில் வெளியாயிற்று. 1962இல் 'ஃபென்டாஸ்டிக்' என்னும் இதழில் ஒரு கதைக்கு முதன்முதலாகப் பணம் கிடைத்தது. அவ்விதழின் ஆசிரியை சீல் கோல்ட்ஸ்மித், புதியவர்களை இனங்கண்டு வளர்த்தவர். 1964ஆம் ஆண்டு அதே இதழில் வெளிவந்த இரண்டு சிறுகதைகளில்தான் தீவுகள் நிறைந்த ஒரு மாயக்கடலும், பெயர்களின் ஆற்றலை அடிப்படையாகக் கொண்ட மந்திரமும் முதன்முதலாகத் தோன்றின. அவற்றுள் ஒன்றன் தலைப்பே 'பெயர்களின் விதி' என்பதாகும்.

வெளியீடு என்ற ஒன்றே எழுத்துக்கு அளவுகோலாக இருந்திருப்பின் 1961ஆம் ஆண்டில் உர்சுலா ஒரு தோல்வியாளர். அப்பத்தாண்டுகளில் அவர் பெற்ற பயிற்சியே பின்வந்த ஐம்பதாண்டு எழுத்துக்கு அடித்தளமாயிற்று. ஓர்சீனியாவும் வீணாகவில்லை. அவருடைய படைப்புகளை 2016இல் பெருந்தொகுதிகளாக வெளியிடத் தொடங்கிய 'அமெரிக்க நூலகம்' என்னும் செவ்வியல் நூல்வரிசை, முதல் தொகுதியாக எடுத்துக்கொண்டது ஓர்சீனியப் படைப்புகளையே.

தீவுகளின் உலகம்

1967ஆம் ஆண்டு பெர்க்லியில் பார்னசஸ் பதிப்பகம் நடத்திவந்த ஹெர்மன் ஷைன், வளர்ந்த சிறுவர்களுக்காக ஒரு புதினம் எழுதித் தருமாறு உர்சுலாவைக் கேட்டார். இளையோருக்கென்று தனியே எழுதிப் பழக்கமில்லாத அவர் முதலில் தயங்கினார். பின்னர் ஓர் எளிய ஐயம் அவருக்குள் எழுந்தது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் யாவரும் வெண்தாடி வேந்தர்கள். அவர்கள் இளைஞர்களாய் இருந்தபோது எப்படி இருந்திருப்பர்? அந்த ஆற்றலை எங்கே கற்றிருப்பர்? இந்த ஐயத்திலிருந்து பிறந்ததே 'எர்த்ஸீயின் மந்திரவாதி' (1968). எழுதுமுன் அவர் செய்த முதற்பணி, தீவுகளின் வரைபடம் ஒன்றைத் தீட்டிக்கொண்டதாகும். எர்த்ஸீ என்பது மண்ணையும் கடலையும் இணைத்து அவர் ஆக்கிய பெயர்.

காண்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்க்கும் தாயற்ற சிறுவன் ஒருவன் இருக்கிறான். கொள்ளையர் படையெடுத்து வரும்போது, தான் கற்றிருந்த சிறு மந்திரத்தால் மூடுபனியை நெய்து ஊரைக் காக்கிறான். ஓகியன் என்னும் அமைதியான முதியவர் அவனுக்கு 'கெட்' என்ற மெய்ப்பெயரைச் சூட்டுகிறார். ஊரார் அவனை 'வல்லூறு' என்று அழைக்கின்றனர். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பயிலும்போது, செருக்கினால், சக மாணவன் முன் தன் வலிமையைக் காட்ட, இறந்தோரை அழைக்கும் மந்திரத்தைச் சொல்கிறான். பெயரற்ற ஒரு நிழல் பிளவின் வழியே உலகிற்குள் நுழைகிறது. அந்நிழல் அவனைத் துரத்துகிறது. பின்னர் அவனே அதனைத் துரத்துகிறான். உலகின் எல்லைக் கடலில் இருவரும் எதிர்ப்படும்போது, கெட் அதற்குச் சூட்டும் பெயர் தன் பெயரே.

இளையோருக்கான கதைகளில் தீமை என்பது பெரும்பாலும் வெளியே இருக்கும். அரக்கன் இருப்பான், வீரன் அவனை வெட்டுவான். இப்புதினத்தில் வெட்டுவதற்கு எவருமில்லை. தன் இருளைத் தன்னுடையது என்று பெயர் சொல்லி ஏற்பதே வெற்றி. பருவம் எய்தி மனிதனாக முதிர்வதே இந்நூலின் பொருள் என்று உர்சுலா பின்னர் ஒரு கட்டுரையில் விளக்கினார். தாம் அவ்வாறு முதிர்ந்து முடிய ஏறத்தாழ 31 வயது ஆயிற்று என்றும் அதில் குறிப்பிட்டார். அந்த வயது அவருடைய பத்தாண்டுக் காத்திருப்பு முடிவுற்ற காலத்தோடு ஒத்திருப்பது கருதத்தக்கது.

சொல்லின் ஆற்றலையே மந்திரம் என்று கொண்ட மொழியினர்க்கு இவ்வுலகம் அந்நியமாகத் தோன்றாது. எர்த்ஸீயில் மந்திரம் கற்பதென்பது சொல் கற்பதே. ஒரு தனித்த கோபுரத்தில் அமர்ந்து, ஒவ்வொரு கடல்துண்டுக்கும் ஒவ்வொரு முனைக்கும் உரிய பெயரை மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். பொதுவான சொல்லால் பயனில்லை. இந்தக் கல்லுக்கு உரிய பெயர், இந்த அலைக்கு உரிய பெயர் என்று குறித்த சொல் வேண்டும். கவிஞரின் தொழிலை இதனினும் நுட்பமாகக் கதைப்படுத்தியவர் சிலரே.

அடுத்து வந்த 'அட்டுவானின் கல்லறைகள்' (1971) பெயர் பறிக்கப்பட்ட பெண்ணின் கதை. டெனார் என்னும் சிறுமியைப் பூசாரினியின் மறுபிறவி என்று கொண்டு பெற்றோரிடமிருந்து பிரித்துச் செல்கின்றனர். அவள் பெயரை நீக்கி, 'உண்ணப்பட்டவள்' என்று பொருள்படும் ஆர்ஹா என்ற பட்டத்தைச் சூட்டுகின்றனர். இருண்ட நிலவறைகளின் தலைவியாக வளரும் அவளிடம், அங்கே சிறைப்பட்ட கெட், அவளுடைய பழைய பெயரைத் திருப்பித் தருகிறான். அந்தப் பெயரைப் பெற்ற பின்னரே அவள் வெளியேறும் துணிவைப் பெறுகிறாள். மூன்றாம் நூலான 'கடைக்கோடிக் கரை' (1972), உலகெங்கும் சொற்கள் பொருளிழக்கும் காலத்தைச் சொல்கிறது. மந்திரவாதிகள் மந்திரத்தை மறக்கின்றனர். பாணர்கள் பாடலை மறக்கின்றனர். சாவை ஏற்க மறுத்த ஒருவன், வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே திறந்துவிட்ட கதவே அதற்குக் காரணம். அக்கதவை அடைப்பதற்குக் கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு வெறுங்கையனாகிறான். இந்நூல் 1973இல் அமெரிக்க தேசிய நூல் விருதினைச் சிறார் இலக்கியப் பிரிவில் பெற்றது.

இதே காலத்தில் முதிர்ந்தோருக்கென எழுதிய 'இருளின் இடக்கை' (1969), 'உடைமையற்றோர்' (1974) ஆகிய அறிவியல் புனைவுகள் இரண்டும் ஹ்யூகோ, நெபுலா என்னும் உயரிய விருதுகளைப் பெற்றன. ஒரே கை இரு திறத்தார்க்கும் எழுதியது. இளையோர் நூல்களில் மொழியின் செறிவு குறையவில்லை. சிந்தனையின் ஆழமும் குறையவில்லை.

தோலின் நிறம்

எர்த்ஸீயின் நாயகன் வெள்ளையன் அல்லன். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய தோழன் கருநிறத்தவன். தீவுமக்களில் பெரும்பாலோர் பழுப்பு நிறத்தினரே. படகேறி வந்து கொள்ளையடிக்கும் கார்குகளே வெண்ணிறத்தவர். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் இளையோர் நூலொன்றில் இதனைச் செய்வதற்குத் துணிவு வேண்டியிருந்தது. அதனை ஆரவாரமின்றி, கதை ஓரளவு நகர்ந்த பின்னரே வாசகர் அறியுமாறு, உர்சுலா செய்தார்.

முதற்பதிப்பின் மேலட்டைக்கு ரூத் ராபின்ஸ் தீட்டிய ஓவியம் அந்நிறத்திற்கு நேர்மையாக இருந்தது. பின்வந்த பல பதிப்புகளில் நாயகன் வெளுத்துப்போனான். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி அலைவரிசை எர்த்ஸீயைத் தொடராக்கி ஒளிபரப்பியபோது, கெட்டாக நடித்தவர் வெள்ளை இளைஞர். தம் உலகம் வெள்ளையடிக்கப்பட்டதாகக் கண்டித்து உர்சுலா அதே திங்களில் வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். உரிமையை விற்றபின் எழுத்தாளரின் குரலுக்கு அங்கே இடமிருக்கவில்லை. ஆயினும் மௌனம் தம் ஒப்புதலாகக் கொள்ளப்படும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வெளிறிய நாயகர்களையே நூல்களில் கண்டு வளர்ந்த பழுப்புநிறச் சிறார்கள், முதன்முதலாகத் தம் முகத்தைக் கண்ட இடம் எர்த்ஸீ. அந்த முகத்தை அவர்களிடமிருந்து பறிப்பதை அவர் பொறுக்கவில்லை.

தன் உலகிற்குத் தானே திரும்புதல்

லெ குவினின் எழுத்து வாழ்வில் அனைத்தினும் அரிய செயல் இனித்தான் வருகிறது. முதல் மூன்று நூல்கள் வெளிவந்து, விருதுகள் பெற்று, பல்லாயிரம் இளையோரின் நெஞ்சில் நிலைத்துவிட்டன. மூன்றாம் நூலோடு கதை நிறைவுற்றது என்றே அனைவரும் கருதினர். ஆனால் அவ்வுலகில் ஒரு குறை இருந்தது. ரோக் பள்ளியில் பெண்கள் பயில இடமில்லை. அறிவாளர் அனைவரும் ஆண்கள். பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்று இழிக்கும் இரு பழமொழிகள் முதல் நூலிலேயே உள்ளன. அவற்றை எழுதியவர் ஒரு பெண். அதுவும் மறுப்பேதுமின்றி எழுதியவர்.

அக்காலத்து எழுத்துலகம் அவ்வாறே இருந்தது. 1969இல் 'ப்ளேபாய்' இதழ் அவருடைய சிறுகதையொன்றை ஏற்றபோது, பெண்பெயர் வாசகரை அச்சுறுத்தும் என்று கருதி, 'யு. கே. லெ குவின்' என முதலெழுத்துகளோடு வெளியிட இசைவு கேட்டது. அவர் இசைந்தார். பெயரின் ஆற்றலைப் பற்றி நூலெழுதிய அடுத்த ஆண்டிலேயே அதன் ஆசிரியரின் பெயர் பாதியாகக் குறுக்கப்பட்டது. பின்னாளில் அவ்விசைவைக் குறித்து அவர் வருந்தியதுண்டு.

எர்த்ஸீயின் நான்காம் நூலாகிய 'டெஹானு' 1990இல் வெளிவந்தது. இடையில் 18 ஆண்டுகள் கடந்திருந்தன. தொடர்ச்சியை எழுத முயன்றும் இயலாமல் நின்ற ஆண்டுகள் அவை. ஆண்களின் வீரக்கதை மரபு வகுத்துத் தந்த பாதையில் நடந்தே முன்னைய நூல்களை எழுதியதாகவும், பெண்ணின் கண்கொண்டு அவ்வுலகைக் காணக் கற்றுக்கொள்ளும்வரை அடுத்த நூல் வரவில்லை என்றும், 1992இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஆற்றிய உரையில் அவர் விளக்கினார்.

'டெஹானு'வில் போரில்லை, பெரும்பயணமில்லை. டெனார் இப்போது நடுவயதுக் கைம்பெண். ஆடும் பழத்தோட்டமும் பேணும் உழவர் வீட்டுத் தலைவி. காக்க வேண்டியவர்களே வதைத்து நெருப்பில் தள்ளிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். ஆற்றலை இழந்த கெட் அவ்வீட்டிற்கு வந்து சேர்கிறான், ஆடு மேய்க்கிறான், பாத்திரம் கழுவக் கற்கிறான். உலகைக் காத்த வீரன், சமையற்கட்டில் தான் யார் என்று தேடுகிறான். ஒரு பக்கம் வெந்துபோன முகத்தோடு வாழும் அச்சிறுமியே இறுதியில் நெருப்பின் வழித்தோன்றலாக, பறவைநாகத்தின் மகளாக வெளிப்படுகிறாள்.

இந்நூல் நெபுலா விருது பெற்றது. அதே வேளையில் கடும் எதிர்ப்பையும் பெற்றது. பழைய உலகின் மீது புதிய கொள்கையைப் பூசிவிட்டார், இளமையில் மகிழ்வித்த கனவைக் கலைத்துவிட்டார் என்று வாசகர் சிலர் மனம் புண்பட்டனர். அவர்களின் வருத்தத்தை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. நூல் வெளிவந்தபின் அதில் வாசகருக்கும் பங்குண்டு. தாம் சிறுவயதில் வாழ்ந்த வீட்டை, கட்டியவரே வந்து இடிப்பதாக அவர்கள் உணர்ந்தனர்.

ஆனால் உர்சுலா எதையும் இடிக்கவில்லை என்பதே உண்மை. முதல் மூன்று நூல்களை அவர் திருத்தி எழுதவில்லை. இழிவான அப்பழமொழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவ்வீட்டின் அதுவரை திறக்கப்படாத அறையைத் திறந்தார். அங்கே அடுப்பும் குழந்தையும் முதுமையும் இருந்தன. 2001இல் வெளிவந்த 'எர்த்ஸீக் கதைகள்' தொகுப்பில், ரோக் பள்ளியை நிறுவியோரில் பெண்கள் இருந்தனர் என்பதும், பின்வந்த ஆண்கள் அவர்களை விலக்கினர் என்பதும் தெரியவருகின்றன. அதே ஆண்டில் வந்த 'மற்றைக் காற்று', இறந்தோரை அடைத்துவைத்திருந்த வறண்ட நாட்டின் கற்சுவரை இடித்து அவர்களை விடுவிக்கிறது. மூன்றாம் நூலில் இயற்கையென ஏற்கப்பட்ட அச்சுவர், முன்னோர் செய்த பெரும்பிழை என்று ஆறாம் நூல் காட்டுகிறது.

இது அவருக்குப் பழகிய நெறியே. 'இருளின் இடக்கை'யில் ஆண் பெண் வேறுபாடற்ற மக்களைக் குறிக்க ஆண்பாற் சொல்லையே பயன்படுத்தியது தவறு என்று பெண்கள் பலர் சுட்டினர். 1976இல் எழுதிய கட்டுரையில் அவர் தம் செயலுக்கு நியாயம் கூறினார். சில ஆண்டுகளில் கருத்து மாறிற்று. அப்போதும் பழைய கட்டுரையை அழிக்கவில்லை. அதனை அப்படியே அச்சிட்டு, பக்கத்திலேயே தம் மறுப்புகளையும் குறிப்புகளாக எழுதி, 1989இல் வெளிவந்த நூலில் சேர்த்தார். தாம் தவறிய இடமும் திருந்திய இடமும் வாசகரின் கண்முன் ஒருசேர நிற்கட்டும் என்பது அவர் எண்ணம். பழைய பதிப்புகளைச் சத்தமின்றி மாற்றிவிடும் எழுத்தாளர் உண்டு. பிடிவாதமாக எதையும் மாற்றாதவர் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே நேர்மையான மூன்றாவது வழியொன்றை அவர் காட்டினார்.

பெயரிடும் உரிமை

1985ஆம் ஆண்டு 'நியூ யார்க்கர்' இதழில் அவருடைய மிகச்சிறிய கதையொன்று வெளிவந்தது. ஆதாம் விலங்குகளுக்கு இட்ட பெயர்களை ஏவாள் ஒவ்வொன்றாக நீக்குகிறாள். இறுதியில் தன் பெயரையும் திருப்பித் தந்துவிட்டு வெளியேறுகிறாள். பெயரறிதலே ஆற்றல் என்று 1968இல் எழுதியவர், பெயரிடுதலே அடக்குமுறையாகவும் மாறக்கூடும் என்று 1985இல் எழுதினார். முன்னது பொய்யாகவில்லை, அதன் மறுபக்கம் வெளிப்பட்டது.

அந்த மறுபக்கம் அவர் தந்தையின் வாழ்விலும் இருந்தது. ஆல்ஃப்ரெட் க்ரோபர் தொல்குடிகளின் மொழிகளையும் கதைகளையும் அழியாமல் பதிவுசெய்த பேரறிஞர். அவரே ஒஹ்லோனி மக்கள் அழிந்துபோயினர் என்றும் எழுதினார். உயிரோடிருந்த அம்மக்கள் அதனால் தம் உரிமைகளை நிறுவ இயலாது துன்புற்றனர். தொல்குடியினரின் கல்லறைகளிலிருந்து எச்சங்கள் திரட்டப்பட்டதும் அக்கால மானிடவியலின் வழக்கமாக இருந்தது. இக்காரணங்களைக் காட்டி, பெர்க்லிப் பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டு சனவரியில் 'க்ரோபர் மண்டபம்' என்ற பெயரைத் தன் கட்டடத்திலிருந்து நீக்கியது. இஷிக்குப் பெயரிட்டவரின் பெயர், அவர் பணியாற்றிய வளாகத்தின் சுவரிலிருந்து எடுக்கப்பட்டது. மகள் அதனைக் காண உயிரோடில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது முறையன்று. பெயர் சூட்டுவதற்கு ஒருவர்க்கு உரிமை தந்தது யார் என்ற கேள்வியை அவருடைய நூல்கள் முன்னரே எழுப்பிவிட்டன என்பது மட்டும் உறுதி.

கவிஞர் லெ குவின்

இவ்வவையிலுள்ள கவிஞர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி, லெ குவின் வாழ்நாள் இறுதிவரை கவிதை எழுதினார் என்பது. முதற் கவிதைத் தொகுதி 1975இல் வெளிவந்தது; கடைசித் தொகுதி அவர் மறைந்த 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிலி நாட்டுக் கவிஞர் கப்ரியேலா மிஸ்த்ராலின் தேர்ந்த கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 2003இல் வெளியிட்டார். சீன ஞானநூலாகிய 'தாவோ தே ஜிங்' நூலைத் தம் வழியில் ஆங்கிலமாக்கி 1997இல் தந்தார். அந்நூலின் பழைய பதிப்பொன்றைத் தந்தை அடிக்கடி எடுத்துப் படிப்பதைச் சிறுமியாக அவர் கண்டிருந்தார். தம் இறுதிச்சடங்கில் படிக்க வேண்டிய பகுதிகளைத் தந்தை அதில் குறித்துவைத்திருந்தார். 1960இல் தந்தை மறைந்தார். எர்த்ஸீயில் ஓகியன் சொல்லாமலே கற்பிக்கும் அமைதியும், மழை பெய்தால் மந்திரத்தால் தடுக்காமல் நனையும் பண்பும் அந்நூலின் சாரம் எனலாம்.

உரைநடையையும் அவர் ஓசை கேட்டே எழுதினார். எழுத்துக் கலை பற்றி 1998இல் வெளியிட்ட நூலின் முதற்பகுதியே ஓசையைப் பற்றியது. வாக்கியத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். நாவில் தடுக்கும் வாக்கியம் நெஞ்சிலும் தடுக்கும் என்பது அவர் கொள்கை.

2004 முதல் 2007 வரை மீண்டும் இளையோருக்காக 'கொடைகள்', 'குரல்கள்', 'ஆற்றல்கள்' என்னும் மூன்று புதினங்களை எழுதினார். அவற்றின் பின்புலத்தில் நிற்பவை நூல்களே. 'குரல்கள்' புதினத்தில், எழுத்தையே பாவமென்று கருதும் படையினர் ஒரு நகரைக் கைப்பற்றி நூல்களை அழிக்கின்றனர். மறைத்துவைக்கப்பட்ட ஓர் அறையில் ஒரு சிறுமி படிக்கக் கற்கிறாள். 2004ஆம் ஆண்டு, இளையோர் இலக்கியத்திற்கான வாழ்நாள் பங்களிப்பைப் போற்றும் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு 75 வயது தொடங்கியிருந்தது.

2014ஆம் ஆண்டு தேசிய நூல் அறக்கட்டளையின் பதக்கத்தை ஏற்றபோது, நெடுங்காலம் இலக்கியப் பந்தியின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட அதிகற்பனை, அறிவியல் புனைவு எழுத்தாளர்களோடு அப்பெருமையைப் பகிர்ந்துகொள்வதாகக் கூறினார். நூலை வெறும் விற்பனைப் பண்டமாகக் கருதும் வணிகப்போக்கைப் பதிப்பாளர்கள் நிறைந்த அந்த அரங்கிலேயே கண்டித்தார். பதக்கம் பெற வந்தவர் விருந்தளித்தவரைக் கடிந்துகொண்டது பலர்க்கு வியப்பாயிற்று. மெய்ப்பெயரைச் சொல்வதே தொழிலாகக் கொண்டவரிடம் வேறென்ன எதிர்பார்க்க இயலும்?

கடைசிப் பாய்மரம்

2018ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் போர்ட்லந்து இல்லத்தில், 88ஆம் வயதில், உர்சுலா லெ குவின் மறைந்தார். அவ்வாண்டு எர்த்ஸீயின் முதல் நூல் வெளிவந்த ஐம்பதாம் ஆண்டு. ஆறு நூல்களும் சிறுகதைகளும் ஒரே தொகுதியாக, சார்லஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு அவ்வாண்டில் வெளிவந்தன. ஓவியருடன் பல்லாண்டு கடிதவழி உரையாடி, தம் மக்கள் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை அவர் விளக்கியிருந்தார். அத்தொகுதியில் கெட்டின் முகம் பழுப்பு நிறத்தில் இருக்கிறது.

அவர் விட்டுச்சென்ற எர்த்ஸீச் சிறுகதையொன்று மறைவுக்குப் பின் அச்சேறியது. முதுமையுற்ற கெட், காண்ட் தீவின் சிறுவீட்டில், அடுப்பொளியில் படுத்திருக்கிறான். டெனார் அருகே இருக்கிறாள். ஆற்றலை இழந்தது குறித்து அவனிடம் இப்போது கசப்பில்லை. நெஞ்சளவில் தன் பழைய படகில் ஏறி மேற்கு நோக்கிச் செல்கிறான். பதினெட்டு ஆண்டுகள் எழுத இயலாமல் நின்று, பின்னர் 'டெஹானு'வை எழுதத் துணிந்திராவிடில், அந்த வீடும் அடுப்பும் டெனாரும் கெட்டுக்கு வாய்த்திரா. வெற்றியோடு நின்றிருந்தால் அவன் வெறும் வீரனாக எங்கோ மறைந்திருப்பான். படைத்தவர் திரும்பி வந்ததால்தான் சாவதற்கும் அவனுக்கு ஓர் இல்லம் கிடைத்தது.

பத்தாண்டுகள் நிறைந்த இவ்வட்டத்தின் ஏடுகளிலும், அச்சேறாத கவிதைகள் பல இருக்கும். அச்சேறிய பின் ஆசிரியரையே உறுத்தும் வரிகள் சிலவும் இருக்கும். முன்னவற்றின் பொருட்டு மனந்தளர வேண்டுவதில்லை. பின்னவற்றின் பொருட்டு நாணித் தலைகவிழ வேண்டுவதுமில்லை. அவ்வரிகளை மறைக்காமல், அவற்றின் பக்கத்திலேயே அடுத்த வரியை எழுதலாம் என்பதற்கு உர்சுலா லெ குவினின் வாழ்வு சான்றாக நிற்கிறது. அந்த அடுத்த வரிகளோடு இவ்வட்டத்தின் இரண்டாம் பத்தாண்டு தொடங்கட்டும்.